கணினி நினைவகத்தில் சில நொடிகள் தங்கும் நகல்: பதிப்புரிமைச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

அச்சிட்ட நூல் ஒன்றை எடுத்துப் படிப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதைப் பத்து முறை படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், படித்து முடித்தபின் விற்றும் விடலாம். பதிப்புரிமைச் சட்டம் இவற்றில் தலையிடுவதில்லை. படைப்பின் மீதான முழு ஆதிக்கத்தை அந்தச் சட்டம் படைப்பாளியிடம் ஒப்படைக்கவில்லை. படியெடுத்தல், வெளியிடுதல், பொதுவில் நிகழ்த்துதல், மொழிபெயர்த்தல், தழுவி வேறு வடிவமாக்குதல் என்று பெயர் சொல்லி எண்ணப்பட்ட சில செயல்களின் மீது மட்டுமே அவருக்கு உரிமை தருகிறது. படித்தலும் கேட்டலும் பார்த்தலும் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே நூல் மின்வடிவில் கணினிக்குள் வந்துவிட்டால் கதை வேறாகிறது. கணினி எதையும் படியெடுக்காமல் காட்டுவதில்லை. வட்டில் உள்ள கோப்பை அது முதலில் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. அங்கிருந்து திரைக்கான நினைவகத்தில் மறுபடியும் எழுதுகிறது. அதன் பிறகே நம் கண்ணுக்கு எழுத்து தெரிகிறது. ஆக, பட்டியலில் இல்லாத படித்தலைச் செய்வதற்கே, பட்டியலின் தலைப்பில் நிற்கும் படியெடுத்தலைச் செய்தாக வேண்டியிருக்கிறது. இப்படிச் சிறிது நேரம் தங்கி மறையும் ஒன்றையும் சட்டத்தின் கண்ணில் நகல் என்றே கொள்ள வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி. வேலையற்ற வாதம் போலத் தோன்றலாம். ஆனால் ஆம் என்று மட்டும் விடை சொல்லி நிறுத்திவிட்டால், விலை கொடுத்து வாங்கிய ஒன்றைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டிய இடத்தில் போய் நிற்போம்.

எத்தனை நகல்கள் உண்டாகின்றன என்பதை அறிய, வலைப்பக்கம் ஒன்றில் உள்ள ஒரே ஒரு நிழற்படம் திரைக்கு வரும் வழியை நிதானமாகப் பார்ப்போம். சர்வரின் வட்டில் இருக்கும் படக்கோப்பு, கோரிக்கை வந்ததும் அந்த சர்வரின் ரேம் எனப்படும் வேலை நினைவகத்துக்கு ஏறுகிறது. பிறகு அது ஏறத்தாழ 1,500 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. வழியில் உள்ள, பொட்டலங்களைத் திசைகாட்டி அனுப்பும் கருவியான ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பஃபர் என்ற தன் தற்காலிக நினைவிடத்தில் வாங்கி, அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தை அடுத்த பொட்டலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நம் கணினியின் நெட்வொர்க் அட்டை அவற்றைப் பெற்று நினைவகத்தில் எழுதுகிறது. பிரவுசர் அவற்றைக் கோத்துக் கோப்பாக்குகிறது. சுருக்கப்பட்ட கோப்பை விரித்துப் புள்ளி புள்ளியாக இன்னொரு நகல் செய்கிறது. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்ட படம் என்றால், புள்ளிக்கு 4 பைட் வீதம், இந்த விரித்த நகல் மட்டும் 4 கோடியே 80 லட்சம் பைட் இடத்தைப் பிடிக்கும். வந்த கோப்போ அதில் சிறு பங்குதான் இருக்கும். அது திரைக்கான நினைவகத்துக்குப் போகிறது. இதற்கிடையில், நாளை அதே பக்கத்தைத் திறந்தால் மறுபடியும் தரவிறக்க வேண்டாம் என்று, பிரவுசர் வட்டின் ஒரு மூலையில் இன்னொரு நகலைக் கேஷ் என்ற பெயரில் ஒதுக்கி வைக்கிறது. படத்தைப் பார்த்தவர் செய்ததோ ஒரே ஒரு சொடுக்கு.

இந்த நகல்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. ரவுட்டரின் பஃபரில் இருப்பது நொடியின் மிகச் சிறு பின்னத்தில் அழிந்துவிடும். ரேமில் இருப்பது நிரலை மூடும் வரையிலோ மின்சாரத்தை அணைக்கும் வரையிலோ இருக்கும். கேஷில் உள்ளது நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில்கூடக் கிடக்கும். ரேமைப் பற்றி ஒரு செய்தியை இங்கே இடையில் சொல்லலாம்: அதன் ஒவ்வொரு அறையும் ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதில் ஏற்றிய மின்னேற்றம் தானாகக் கசிந்து போய்விடும் என்பதால், வழக்கமான ரேம் சில்லுகளில் 64 மில்லிநொடிக்கு ஒரு முறை எல்லா அறைகளையும் படித்துத் திரும்ப எழுதுகிறார்கள். நிலையாக இருப்பதாக நாம் நினைக்கும் ரேம் நகல், நொடிக்குப் பதினைந்து முறை புதுப்பிக்கப்பட்டுத்தான் நிற்கிறது. அதை நிலையானது என்று சொல்வதா, நிலையற்றது என்று சொல்வதா? இரு பக்க வாதத்துக்கும் பொறியியல் இடம் கொடுக்கிறது. எனவே விடையைச் சட்டம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய நகல் பற்றிய தகராறு கணினிக்கு முந்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல், ஒயிட்-ஸ்மித் எதிர் அப்போலோ வழக்கில், தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருளை இசைக்குறிப்பின் நகல் என்று கருத முடியாது என்றது. மனிதக் கண் அதைப் பார்த்து இசையை அறிய முடியாது என்பது அதன் காரணம். 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அந்தக் காரணத்தைத் தூக்கி எறிந்தது. படைப்பு ஒரு பொருளில் பதிந்திருந்தால் போதும், அதை நேரடியாகவோ கருவியின் துணையுடனோ அறிய முடிந்தால் அது நகல்தான் என்றது. ஆனால் பதிவு என்பதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது: கணநேரத்துக்கு மேற்பட்ட காலம் அறியவோ படியெடுக்கவோ பிறருக்குத் தெரிவிக்கவோ இடந்தரும் அளவுக்கு அது நிலைத்திருக்க வேண்டும். அந்தச் சட்ட முன்வரைவோடு வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கை, திரையில் சற்று நேரம் தோன்றுவதையும் கணினியின் நினைவகத்தில் ஒரு கணம் பிடிபடுவதையும் பதிவு அல்லாதவற்றுக்கு எடுத்துக்காட்டாகவே சொன்னது.

அதை வைத்துப் பார்த்தால் ரேம் நகலுக்குச் சிக்கலே வந்திருக்கக் கூடாது. வந்தது. எம்ஏஐ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் கணினிகளையும் அவற்றுக்கான இயங்குதள மென்பொருளையும் விற்றதோடு பராமரிப்புச் சேவையும் செய்துவந்தது. பீக் கம்ப்யூட்டர் என்ற போட்டி நிறுவனம் எம்ஏஐயின் வாடிக்கையாளர்களுக்கு அதே பராமரிப்பைச் செய்துகொடுத்தது. பீக்கின் ஊழியர் வாடிக்கையாளரின் கணினியை இயக்குவார். இயங்குதளம் வட்டிலிருந்து ரேமுக்கு ஏறும். அவர் பிழைப் பதிவேட்டைப் பார்த்துக் கோளாறு எங்கே என்று கண்டறிவார். இந்த ஏற்றத்தைத்தான் எம்ஏஐ மீறல் என்றது: உரிமம் வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது, பீக்குக்குத் தரப்படவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-இல் எம்ஏஐயின் பக்கம் தீர்ப்பளித்தது. பிழைப் பதிவேட்டை அமர்ந்து பார்க்க முடிந்தது என்பதே ரேமில் உள்ளது போதிய அளவு நிலைத்தது என்பதற்குச் சான்று என்பது அதன் தருக்கம்.

இந்தத் தீர்ப்பின் விளைவைக் கவனிக்க வேண்டும். பீக் எந்த மென்பொருளையும் திருடி விற்கவில்லை. எம்ஏஐ இழந்தது பராமரிப்புத் தொழிலில் ஒரு பங்கை மட்டுமே. அந்தத் தொழிலைப் பாதுகாப்பது பதிப்புரிமையின் வேலை இல்லை. கணினியை இயக்குவதே படியெடுப்பது என்று ஆனதும், மென்பொருளின் மீதான உரிமை அதைச் சுற்றியுள்ள சந்தையையும் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1998-இல் சட்டத்தைத் திருத்தி, பராமரிப்புக்காகவோ பழுதுபார்ப்புக்காகவோ கணினியை இயக்கும்போது தானாக உண்டாகும் நகல் மீறலாகாது என்றும், வேலை முடிந்ததும் அந்த நகல் அழிக்கப்பட வேண்டும் என்றும் எழுதிச் சேர்த்தது. ஓட்டையை அடைத்தார்கள், ரேம் நகலும் நகலே என்ற கொள்கையைத் தொடவில்லை.

அந்தக் கொள்கைக்கு எல்லை வகுத்தது 2008-இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன கேபிள்விஷன் தீர்ப்பு. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியை வாடிக்கையாளரின் வீட்டில் வைக்காமல், தன் மையத்தில் உள்ள சர்வர்களிலேயே அவரவருக்கு இடம் ஒதுக்கிப் பதிவு செய்துதரும் திட்டம் ஒன்றை அந்த கேபிள் நிறுவனம் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் எவரும் பதிவைக் கேட்காவிட்டாலும் எல்லா ஒளிபரப்பும் ஒரு பஃபர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த பஃபரில் எந்தத் துணுக்கும் 1.2 நொடிக்கு மேல் தங்குவதில்லை. அடுத்து வருவது அதன் மேல் எழுதிவிடும். நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைப் பிரித்து, படைப்பு ஒரு பொருளில் பதிந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை, கணநேரத்துக்கு மேல் நிலைக்க வேண்டும் என்பது தனியான இன்னொரு நிபந்தனை என்றது. 1.2 நொடி இரண்டாவதை நிறைவு செய்யவில்லை. எம்ஏஐ வழக்கில் கால அளவு பற்றிய கேள்வியே எழவில்லை என்றும் சுட்டியது. ஆனால் எத்தனை நொடியில் கோடு விழுகிறது என்பதை அது சொல்லவில்லை. இன்றுவரை அந்தச் சட்டத்தில் அதற்கு எண் இல்லை.

நொடிகளை எண்ணும் இந்த அளவுகோல் என் பார்வையில் பலவீனமானது. பஃபரின் அளவு பொறியாளர் தேர்ந்தெடுப்பது. நினைவகம் மலிவானதும் அவர் அதைப் பெரிதாக்குவார். ஸ்ட்ரீமிங் தடைபடாமல் இருக்க முப்பது நொடி முன்கூட்டியே இழுத்து வைப்பார். பார்ப்பவருக்கோ படைப்பாளிக்கோ அதனால் எந்த வேறுபாடும் இல்லாதபோது, சட்டத்தின் விடை மட்டும் ஏன் மாற வேண்டும்?

உலக அளவில் இதை ஒரேயடியாகத் தீர்க்கும் முயற்சி 1996 டிசம்பரில் ஜெனீவாவில் நடந்தது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கைக்கான வரைவில், தற்காலிக நகலும் படியெடுத்தலே என்று சொல்லும் விதி ஒன்று இருந்தது. கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. மின்னணு ஊடகத்தில் மின்வடிவில் சேமிப்பது படியெடுத்தல் ஆகும் என்ற ஒரு வாசகம் மட்டும் உடன்பாட்டுக் குறிப்பாக நின்றது. சேமிப்பு என்பதில் சில நொடிச் சேமிப்பும் அடங்குமா என்பதை அது வேண்டுமென்றே திறந்து விட்டுவிட்டது. ஒவ்வொரு நாடும் தன் வழியில் போனது அதன் பிறகுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. 2001-ஆம் ஆண்டின் அதன் நெறிமுறை, நேரடியானதோ மறைமுகமானதோ, தற்காலிகமானதோ நிலையானதோ, எல்லாப் படியெடுத்தலும் உரிமையாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று முதலில் கதவைச் சாத்துகிறது. பிறகு, உறுப்பு நாடுகள் கட்டாயம் ஏற்க வேண்டிய ஒரு விதிவிலக்கால் அதைத் திறக்கிறது. நகல் கணநேரத்ததாகவோ இன்னொன்றுக்குத் துணையாக எழுந்ததாகவோ இருக்க வேண்டும்; ஒரு தொழில்நுட்பச் செயல்முறையின் பிரிக்க முடியாத, இன்றியமையாத பகுதியாக இருக்க வேண்டும்; இடையில் நிற்பவர் வலையமைப்பின் வழியே பிறருக்கிடையே அனுப்பித் தருவதற்கோ, சட்டப்படியான ஒரு பயன்பாட்டுக்கோ உதவுவது மட்டுமே அதன் நோக்கமாக இருக்க வேண்டும்; தனியான பொருளாதார முக்கியத்துவம் அதற்கு இருக்கக் கூடாது. இங்கே கடிகாரத்துக்குப் பதிலாக நோக்கமும் பயனும் அளவுகோல்களாகின்றன.

இந்த நிபந்தனைகள் வேலை செய்யும் விதத்தை டென்மார்க்கிலிருந்து வந்த இன்ஃபோபாக் வழக்கு துல்லியமாகக் காட்டுகிறது. அந்த நிறுவனம் செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து படக்கோப்பாக்கும். படத்திலிருந்து எழுத்தை இனங்கண்டு உரைக்கோப்பாக்கும், படக்கோப்பு அழிக்கப்படும். உரையில் வாடிக்கையாளர் கேட்ட சொல்லைத் தேடி, அந்தச் சொல்லையும் அதற்கு முன்னுள்ள ஐந்து சொற்களையும் பின்னுள்ள ஐந்து சொற்களையும் எடுத்துக்கொள்ளும், உரைக்கோப்பும் அழிக்கப்படும். கடைசியில் அந்தப் பதினொரு சொற்களைத் தாளில் அச்சிடும். ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் சொன்னது இது: நகல் கணநேரத்ததாகக் கருதப்பட வேண்டுமானால், மனிதர் தலையிடாமல் தானாக அழிய வேண்டும். தாளில் ஏறிய பதினொரு சொற்கள், யாரோ ஒருவர் கிழித்துப் போடும் வரை இருக்கும்; எனவே அந்தக் கடைசிப் படி விதிவிலக்குக்கு வெளியே போய்விடுகிறது. அதோடு, எழுதியவரின் சொந்த அறிவாக்கம் வெளிப்படுமானால் பதினொரு சொற்களுக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு என்றும் அது சொன்னது.

சாதாரண வாசகரைத் தொடும் வழக்கு அதற்குப் பின் வந்தது. செய்தித் தொகுப்பு நிறுவனம் ஒன்றின் பக்கத்தைத் திரையில் பார்ப்பதற்கே வாடிக்கையாளர்கள் தனி உரிமம் பெற வேண்டுமா என்ற கேள்வி, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழியாக ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கணநேர நகலையும் படியெடுத்தல் என்றே வரையறுத்திருந்ததால் கேள்விக்கு வலு இருந்தது. 2014 ஜூனில் விடை கிடைத்தது: திரையில் தோன்றும் நகலும், பார்க்கும்போது கேஷில் படியும் நகலும் விதிவிலக்குக்குள் அடங்கும். வேறு பக்கத்துக்கு நகர்ந்ததும் திரை நகல் போய்விடுகிறது. புதியவை வர வர கேஷில் பழையவை தாமாக வெளியேற்றப்படுகின்றன. பிரவுசரைத் திறப்பதும் மூடுவதும் மனிதர்தான் என்பதால் அந்தத் தானியங்கித் தன்மை கெட்டுவிடாது. இணையத்தில் ஒரு பக்கத்தைப் படிப்பது என்ற அன்றாடச் செயல் சட்டப்படி உறுதியான தரையில் நிற்பதற்கு, ஐரோப்பாவில் அந்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சற்று வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் சட்டப்படியான பயன்பாடு என்ற நிபந்தனைக்குப் பல் உண்டு. அனுமதியின்றித் திரைப்படங்களைத் தரும் தளங்களின் இணைப்புகளை முன்கூட்டியே ஏற்றிய பெட்டிகளை நெதர்லாந்தில் ஒருவர் விற்றார். அவற்றில் படம் பார்ப்பவரின் பெட்டியில் உண்டாவதும் சில நொடி பஃபர் நகல்தான். முறையான சேவையில் படம் பார்ப்பவருக்கு உண்டாவதும் அதேதான். 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் முதலாவதற்கு விதிவிலக்கு இல்லை என்றது, ஏனெனில் மூலமே அனுமதியற்றது, வாங்குபவரும் அதைத் தெரிந்தே வாங்குகிறார். நினைவகத்தில் உள்ள பிட்டுகள் ஒன்றேயானாலும், எங்கிருந்து வந்தன என்பதால் சட்டநிலை மாறுகிறது. இந்த முறையின் இடர் இதில் தெரிகிறது: பெட்டி வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது, ஏதோ ஓர் இணைப்பைச் சொடுக்கியவருக்கு மூலத்தின் தகுதி எப்படித் தெரியும்? ஆனாலும் நொடிக்கணக்கை விட இதுவே நேர்மையான அளவுகோல் என்பேன், ஏனெனில் யார் எதனால் பயனடைகிறார் என்ற உண்மையான கேள்வியை இது கேட்கிறது.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்று ஐரோப்பிய வழிக்கு அருகில் நிற்கிறது. மின்னணு முறையில் எந்த ஊடகத்திலும் சேமிப்பது படியெடுத்தலில் அடங்கும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 52-ஆம் பிரிவில் இரண்டு விலக்குகளைச் சேர்த்தது. முதலாவது, மின்னணு முறையில் அனுப்பும் தொழில்நுட்பச் செயல்முறையில் மட்டும் நிகழும் கணநேர அல்லது துணைச் சேமிப்புக்கு உரியது. இரண்டாவது, இணைப்பும் அணுகலும் தருவதற்காக நிகழும் அத்தகைய சேமிப்புக்கு உரியது. இதற்கு, உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருக்கக் கூடாது, சேமிப்பவர் அது மீறல் நகல் என்று அறிந்திருக்கவும் கூடாது. உரிமையாளர் எழுத்து மூலம் புகார் தந்தால் 21 நாட்களுக்கு அணுகலை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். கணநேரம் என்றால் எவ்வளவு என்று இந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. மென்பொருளுக்குத் தனி ஏற்பாடு உண்டு: முறைப்படி வைத்திருப்பவர், எந்தப் பயனுக்காக அது தரப்பட்டதோ அதற்காக நகல் செய்துகொள்ளலாம். எனவே, வாங்கிய நிரலை ரேமில் ஏற்றி ஓட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு திருப்பம் நிகழ்ந்தது. பிளேஸ்டேஷன் கருவியில் விளையாடும்போது காணொளி விளையாட்டின் ஒரு பகுதி ரேமில் ஏறுவது நகலாகும் என்ற சோனியின் வாதத்தை அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2005-இல் ஏற்கவில்லை; அந்த ரேமிலிருந்து படைப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பது காரணம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள், அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தத்தை ஒட்டி அந்த வரையறையே திருத்தப்பட்டிருந்தது.

மென்பொருள் நிறுவனங்கள் ரேம் நகல் கொள்கையை விரும்புவதற்குக் காரணம் உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிரலை ஓட்டுவதே படியெடுத்தல் என்றால், ஒப்பந்தத்தின் எந்தச் சிறு நிபந்தனையை மீறி ஓட்டினாலும் அது பதிப்புரிமை மீறலாகிவிடும். ஒப்பந்த முறிவுக்கான இழப்பீட்டை விட அதற்கான தண்டம் கடுமையானது. பிளிஸார்ட் நிறுவனத்தின் இணைய விளையாட்டைத் தானாக ஆடித்தரும் நிரலை விற்றவர் மீதான வழக்கில், எம்ஏஐ தீர்ப்பைச் சொன்ன அதே ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 2010-இல் இதற்குக் கடிவாளம் போட்டது. மீறிய நிபந்தனைக்கும் பதிப்புரிமை தரும் உரிமைகளுக்கும் நேர்த்தொடர்பு இருந்தால்தான் மீறல், இல்லாவிட்டால் அது ஒப்பந்தத் தகராறு மட்டுமே என்றது.

பயனர் வேண்டுமென்று வைத்துக்கொள்ளும் நகலுக்கு இந்தத் தற்காலிக நகல் விலக்குகள் எவையும் பொருந்துவதில்லை. இசைச் செயலியில் ஆஃப்லைனில் கேட்கப் பாடலைச் சேமித்தால், அது செயலிக்குள் பூட்டப்பட்டிருந்தாலும், கேஷைப் போலத் தானாக நீங்குவதில்லை. அதற்குச் சேவை நிறுவனம் உரிமையாளரிடம் முறையான உரிமம் பெற்றிருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காகத் திரட்டும் படங்களிலும் இதே கேள்வி எழுந்தது. அத்தகைய படத் தொகுப்புகளைத் திரட்டும் ஜெர்மனியின் லயான் என்ற அமைப்பு நிழற்படம் ஒன்றைத் தரவிறக்கி, அதன் விவரிப்போடு பொருந்துகிறதா என்று நிரலால் சோதித்ததைப் பற்றிய வழக்கில், ஹாம்பர்க் மாவட்ட நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தற்காலிக நகல் விலக்கை ஏற்க மறுத்தது. பகுப்பாய்வதற்கென்றே குறிவைத்து இறக்கிய படம் துணையாக எழுந்த நகல் ஆகாது. அதை அழித்ததும் செயல்முறையின் இயல்பால் நேர்ந்ததாகாமல், நிரலை அப்படி எழுதியதால் நேர்ந்தது என்றது. லயான் அந்த வழக்கில் தப்பியது ஜெர்மன் சட்டத்தில் அறிவியல் ஆய்வுக்கான தரவுப் பகுப்பாய்வுக்கு உள்ள தனி விலக்கினால்.